முந்திரி இல்லாத மிக்சர்

மிக்சர் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால், ரெண்டு மூணு நாளில் எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது ஓமப்பொடி மட்டும்தான். முதலில் முந்திரி போகும். அப்புறம் வேர்க்கடலை, பொட்டுக்கடலை. பொரித்த கறிவேப்பிலையைக்கூட விடுவதில்லை. காராபூந்திக்கு அதற்குப் பிறகுதான் மரியாதை. டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திறந்து, விருந்தாளி முன்னால் தட்டில் கொட்டும்போதுதான் தெரியும்.

முறுக்கு டப்பாவில் எப்போதும் ஒன்றே ஒன்று கிடக்கும். ‘காலி பண்ணது நான் இல்ல’ என்று சத்தியம் செய்ய அந்த ஒன்று வேண்டியிருக்கிறது. குலாப்ஜாமூன் கிண்ணத்தில் ஜீரா மட்டும் தளும்பும். அதிரசத்தில் இன்னும் நுட்பம்: அடியிலிருந்து உருவிவிட்டு, மேலடுக்கு கலையாமல் பரப்பி வைத்திருப்பார்கள். பூஸ்ட் பாட்டிலில் தூளை அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்ட பிறகு, ஸ்பூனின் முதுகால் தடவி மட்டப்படுத்திவிடுகிறார்கள், கொத்தனார் பூச்சு மாதிரி. இதே பொறுமையை ரெக்கார்டு நோட்டு எழுதுவதில் காட்டினால் நான் ஏன் கத்தப்போகிறேன்?

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடி. பையன் பிளஸ் ஒன், பெண் எட்டாவது. வீட்டுக்காரருக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை. நான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மண்ணடியில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டைதான், ஆனாலும் வீடு வந்து சேர ஏழு ஆகிவிடும். ஆக, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நான் வரும்வரை சமையலறைக்குக் காவல் கிடையாது. மாமியார், அதாவது பிள்ளைகளின் ஆயா, இருக்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் ஆயா பிள்ளைகள் கட்சி.

“இன்னாத்துக்கு இப்ப கத்தற? புள்ளைங்கதானே துன்னுச்சி, எலியா துன்னுச்சி?” என்பார். அதற்கு மேல் பேச முடியாது.

இதை வெளியில் சொன்னால் ஆளுக்கொரு யோசனை வரும். பூட்டி வை. வாங்குவதையே நிறுத்து. நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும். பழம் வாங்கி வை, அதைத் தின்னட்டும். கடைசி யோசனையைச் சொல்கிறவர்கள் வீட்டில் நிச்சயமாகப் பதினாறு வயதுப் பையன் இல்லை. அவன் வாழைப்பழத்தையும் தின்பான், அதற்கு மேல் முறுக்கையும் தின்பான்.

என் அபிப்பிராயம் வேறு. இதில் பாதி பசி. மீதி பாதி, வீட்டில் இருக்கிற ஒரு பண்டத்தில் யார் யாருக்குப் பங்கு என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே இருப்பது. திருட்டு என்ற பேச்சே இதில் வரக்கூடாது. தன் வீட்டு டப்பாவைத் திறக்கிற பிள்ளைக்குத் திருடன் என்று பேர் வைத்துவிட்டால், நாளைக்கு நிஜமாகவே பர்ஸில் கை வைத்தால் என்ன பேர் வைப்பது?

முதலில் பசி. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 16 முதல் 18 வயதுவரை உள்ள பையனுக்கு ஒரு நாளைக்கு 3,320 கிலோகலோரி தேவை. உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆணுக்கு 2,110. உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு 1,660. கணக்கு எழுதுகிற கண்ணுக்கு உடனே பட்டது: சரியாக இரண்டு மடங்கு. நான் ரெண்டு நாள் சாப்பிடுவதை அவன் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 2,400. அவளும் என்னைவிட அதிகமாகத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் வீட்டில் நான் சோறு வடிப்பது என்னவோ எல்லோரும் ஒரே அளவு என்கிற நினைப்பில்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது பையனின் நாளைப் பாருங்கள். காலையில் ஷூ போட்டுக்கொண்டே மூணு இட்லி. மத்தியானம் டப்பா. பெரிய டப்பா எடுத்துப் போனால் கிண்டல் செய்கிறார்களாம், அதனால் சின்ன டப்பாதான். அதிலும் எலுமிச்சை சாதம் என்றால் பாதி ஃபிரெண்ட்ஸுக்கு. நாலரைக்கு வீடு. அஞ்சரைக்குத் தண்டையார்பேட்டையில் டியூஷன். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் நடுவில் எட்டரை மணி நேரம். அந்த எட்டரை மணி நேரத்தை அவன் எதை வைத்து ஓட்டுவான் என்று நாம் நினைக்கிறோம்? டப்பாக்களை வைத்துத்தான்.

அப்புறம் நடுராத்திரி ஃபிரிட்ஜ் வெளிச்சம். இதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்த வயதில் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரக்கிற நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு நமக்குக் கண்ணைச் சுழற்றும்போது அவர்களுக்கு இன்னும் சாயங்காலம். போனும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினொன்றரைக்கு முழித்திருக்கிறவனுக்குப் பதினொன்றரைக்குப் பசிக்கத்தான் செய்யும்.

எங்கள் பேட்டைக்காரர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்க முடிவானது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்று கணக்கு. பசியோடு இருக்கிற பிள்ளையிடம் பாடம் எடுத்துப் பிரயோஜனமில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. இன்றைக்குச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் இரண்டும் இல்லை. அதாவது, உடம்பு அதிகமாகக் கேட்கிற அந்த இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் சோறு நின்றுவிடுகிறது. அரசாங்கம் யோசிக்க வேண்டியது அது. நாம் நம் சமையலறையைப் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் நாலரை மணிக்கு இப்போது சாப்பாடு. நொறுக்குத்தீனி இல்லை, சாப்பாடு. காலையிலேயே செய்து ஹாட்பேக்கில் வைத்துவிடுவேன்: கொண்டைக்கடலை சுண்டல், அவித்த முட்டை, சில நாள் கேழ்வரகு அடை. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் நெத்தி மீன் நிறைய வாங்கிவிட்டால், திங்கட்கிழமை சாயங்காலம் மிஞ்சின குழம்பும் தோசை மாவும். பையன் தோசை சுடக் கற்றுக்கொண்டுவிட்டான். முதல் தோசை சென்னை வரைபடம் மாதிரி வந்ததைப் பார்த்துத் தங்கை சிரித்த சிரிப்பில் கோபித்துக்கொண்டு, இப்போது என்னைவிட மெலிசாக வார்க்கிறான். அடுப்பைத் தொடத் தெரிந்த பிள்ளை மிக்சரைக் கிளறுவது தானாகக் குறைகிறது. பசிக்குத் தோசை பெரியது, முந்திரி சின்னது என்பது அவன் வயிற்றுக்கே தெரியும்.

சரி, அப்புறமும் டப்பா காலியாகிறது அல்லவா? ஆகிறது. அங்கேதான் பூட்டு என்கிற யோசனை வரும்.

பூட்டு வேலைக்கு ஆகாது. எங்கள் மாடிப்படியிலேயே ஒரு வீட்டில் பிஸ்கட்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். பீரோ சாவி எங்கே என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, என் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆய்விலும் இதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பர்ச் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் ஒரு பண்டத்தைக் கண்ணில் காட்டி, தொடக்கூடாது என்று வைத்தார்கள். பிள்ளைகளின் பேச்சு, கேட்பு, கை நீட்டல் எல்லாம் அந்தப் பண்டத்தைச் சுற்றியே அதிகமாயின. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கே அப்படி என்றால், மீசை முளைக்கிற பையனுக்குக் கேட்க வேண்டுமா? தீபாவளிக்கு முந்தின நாள், ‘சாமி கும்பிடறவரைக்கும் தொடக்கூடாது’ என்று ஒரு வாளி நிறைய முறுக்கைப் பரணில் ஏற்றிய எந்த வீட்டுக்கும் இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஒரு விதி சொல்லியிருக்கிறார். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும் என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் ஊரில் ஆயா என்று ஒரு கட்சி இல்லை போலிருக்கிறது. மூணு தலைமுறை ஒரே சமையலறையில் புழங்குகிற வீட்டில் ‘எப்போது’ என்பதை ஒருவர் முடிவு செய்ய முடியாது. ‘எவ்வளவு’ என்பதை முழுக்கப் பிள்ளையிடம் விட்டால், மணலியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. அந்த விதியில் பாதிதான் நமக்கு உதவும்: எவ்வளவு தின்றாய் என்று பிள்ளையின் தட்டை எண்ணிக்கொண்டிருக்காதே என்கிற பாதி.

தட்டை எண்ணுவது என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் எண்ணுவது ஒரு தட்டை மட்டும்தான். பையன் நாலு லட்டு எடுத்தால், “வளர்ற புள்ள, துன்னட்டும்” என்று ஐந்தாவதை எடுத்து நீட்டுவார்கள். பெண் இரண்டாவதை எடுத்தால், “இன்னாடி, குண்டாயிடுவ, பாத்து” என்பார்கள். ஒரே தட்டு, ஒரே லட்டு. இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண் முன்னால் எடுக்க மாட்டாள். மொட்டை மாடிக்குப் போய் நின்று தின்பாள். ஒளித்துத் தின்னக் கற்றுக்கொடுத்தது யார்? தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21), நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். இந்தப் பிள்ளைகளுக்குக் ‘குறைத்துச் சாப்பிடு’ என்பதல்ல சொல்ல வேண்டியது. கீரையும் கடலையும் ஈரலும் கூட ஒரு கொய்யாப்பழமும் சாப்பிடு, சாப்பாட்டோடு டீ குடிக்காதே என்பதைத்தான் சொல்ல வேண்டும். டீ, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. இப்போது எந்த அத்தை வந்து “குண்டாயிடுவ” என்றாலும் நான் என் தட்டிலிருந்து இன்னொரு லட்டை எடுத்து மகள் தட்டில் வைத்துவிடுகிறேன். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இனி பங்கு. எங்கள் வீட்டில் இது புரிந்தது ஆயாவின் டப்பாவால்.

மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, மாத்திரையோடு இன்சுலினும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சில நேரம் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் அளவுக்கு ஏதாவது இனிப்பு உள்ளே போக வேண்டும்: குளுக்கோஸ் தூளோ, தண்ணீரில் கரைத்த மூணு நாலு ஸ்பூன் சர்க்கரையோ. பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் கொடுத்தால் அதில் இருக்கிற கொழுப்பால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். அதனால் அவர் கட்டில் தலைமாட்டில் ஒரு டப்பாவில் குளுக்கோஸ் தூள் எப்போதும் இருக்கும்.

ஒருநாள் ராத்திரி பத்தரை இருக்கும். “ஒரு மாதிரியா கீதும்மா” என்றார். நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுக்கம். மெஷினில் பார்த்தால் 60க்கும் கீழே. டப்பாவைத் திறந்தேன். காலி. பையனும் அவன் ஃபிரெண்ட்ஸும் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மொத்தத்தையும் ஜூஸ் போட்டுக் குடித்திருக்கிறார்கள். சமையலறையில் சர்க்கரை இருந்தது, பயமில்லை. கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்து, ஏறியதும் நாலு வாய் மோர் சாதம் கொடுத்துப் படுக்க வைத்தோம். பையன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆயாவே எழுந்து உட்கார்ந்து அவனுக்கு வக்காலத்து வாங்கியிருப்பார்.

மறுநாள் காலையில் மெஷினில் எப்படிப் பார்ப்பது என்று அவனே கேட்டுக் கற்றுக்கொண்டான். அந்த டப்பாவை அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. பூட்டு இல்லை, சட்டம் இல்லை. அது யாருடையது, எதற்காக என்பது தெரிந்ததும் கை அதன் பக்கம் போகவில்லை. அப்போதுதான் யோசித்தேன். மற்ற டப்பாக்கள் யாருடையவை? எவருக்காக? பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்?

தெரியாது. ஏனென்றால் நம் வீடுகளில் அம்மாவும் அப்பாவும் தங்களுக்குப் பங்கே இல்லாத மாதிரி நடந்துகொள்கிறார்கள். “எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க.” எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான். பால்கோவா வந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது, கேக் வந்தால் அப்பாவுக்குப் பல் வலி. பத்துப் பன்னிரண்டு வருஷம் இதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, டப்பாவில் இருப்பது எல்லாம் தனக்குத்தான் என்று நினைப்பதில் தப்பென்ன?

கிறிஸ்துமஸுக்கு ராயபுரத்திலிருந்து ஒரு ஆண்ட்டி எங்களுக்குக் கல்கல் கொடுத்தனுப்புவார். மைதாவையும் தேங்காய்ப்பாலையும் பிசைந்து, முள்கரண்டியில் உருட்டிச் சுருட்டிப் பொரித்து, சர்க்கரையில் புரட்டியது. அச்சு முறுக்கும் கூட வரும். போன டிசம்பரில் ராத்திரி வந்த டப்பா காலையில் காலி. வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர், டீயை ஆற்றிக்கொண்டே டப்பாவைத் திறந்தார், மூடி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்லமாட்டார். மகள் பார்த்துவிட்டு, “அப்பாக்கு கல்கல் புடிக்குமா மா?” என்றாள். நிஜமாகவே ஆச்சரியமாகக் கேட்டாள். அந்த மனுஷனுக்குச் சின்ன வயதில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கல்கல் உருட்டிய கைப்பழக்கம் உண்டு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆக இப்போது எங்கள் வீட்டில் பண்டம் வந்ததும் முதலில் பங்கு. தட்டில் வைத்து, எல்லோர் கண் முன்னால். இது அப்பாவுக்கு, இது ஆயாவுக்கு (பாதிதான், அதுவும் சாப்பாட்டோடு), இது வந்தவர்களுக்குக் கொடுக்க, இது எனக்கு. என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன், பிள்ளைகள் பார்க்க உட்கார்ந்து தின்கிறேன். மீதியெல்லாம் அவர்களுக்கு. அதை ஒரே மூச்சில் தின்றாலும் சரி, ஒரு வாரம் வைத்துத் தின்றாலும் சரி, நான் கேட்பதில்லை. பையன் ஒரே மூச்சு. பெண் வைத்து வைத்துத் தின்பாள், அண்ணன் பார்க்கும்படி. அதில் ஒரு சண்டை வரும். அது அவர்கள் சண்டை.

விருந்தாளிக்கென்று எடுத்து வைக்கிற டப்பாவில் ஆரம்பத்தில் கை வைத்தான். சரி, அன்றைக்கு வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதை அவனே பார்க்கட்டும் என்று விட்டேன். கீழே பேக்கரிக்கு ஓடி, தன் பாக்கெட் காசில் கேக்கும் சமோசாவும் வாங்கி வந்தான். வந்தவர், “பையன் எவ்ளோ பொறுப்பா கீறான் பாரு” என்று மெச்சிவிட்டுப் போனார். ஆயா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

தீர்ந்தால் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. தின்றதற்காக இல்லை, தீர்ந்ததற்காக. ஃபிரிட்ஜ் மேலே ஒரு நோட்டு தொங்குகிறது. எதைக் காலி செய்தாலும் அதில் எழுதிவிட்டால் விசாரணை இல்லை. பால் பாக்கெட்டைக் காலியாக உள்ளேயே வைத்தால் உண்டு. வருகிற பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான். பக்கத்து வீட்டு டப்பாவை வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், ஒரு கைப்பிடி ஏதாவது போட்டுக் கொடுக்க வேண்டும். ரம்ஜானுக்கு வந்த பிரியாணி டப்பாவில் என்ன போட்டுக் கொடுப்பது என்று மகள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கடைசியில் வாழைப்பூ வடை போனது.

மாசத்துக்கு ஒருமுறை கொத்தவால்சாவடிக்கு மளிகை வாங்கப் போகும்போது பையனைக் கூட்டிப் போகிறேன். பெரிய காய்கறி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், மளிகைக்கு நாங்கள் இன்னும் அங்கேதான். முந்திரியில் முழுசு ஒரு விலை, ரெண்டாக உடைந்தது ஒரு விலை, குருணை ஒரு விலை. கடைக்காரர் காகிதத்தில் ஒவ்வொன்றாகக் கொட்டிக் காட்டி விலை சொல்லச் சொல்ல இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “ஒரு கிலோவா மா இந்த ரேட்டு?” என்று ரெண்டு தடவை கேட்டான். அன்றைக்கு மூட்டையை முனகாமல் தூக்கி வந்தான்.

சர்க்கரையைப் பற்றிப் பேசவே இல்லையே என்று கேட்கலாம். பேச வேண்டியதுதான், ஆனால் வீட்டு முறுக்கோடும் அதிரசத்தோடும் சண்டை போட எனக்கு மனசில்லை. என் சண்டை பாட்டில் பானங்களோடு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: சேர்த்த சர்க்கரை மொத்த கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ஐந்து என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம், ஆறு ஸ்பூன். கோலா வகையில் 100 மில்லிக்கே பத்து கிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு சின்ன பாட்டிலில் அந்த நாளைக்கான கணக்கு தாண்டிவிடும். சிபிஎஸ்இ பள்ளிகளில் 2025இல் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னார்கள், எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குக் காட்ட. நல்ல விஷயம். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்ததை விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதியும் இருக்கிறது. வீட்டு அலமாரி அந்த 50 மீட்டரில் வராது. அதனால் பாட்டிலை நாங்கள் வீட்டில் வாங்கி வைப்பதில்லை. வெளியில் குடித்தால் குடிக்கட்டும். பீச் ரோடு பக்கம் போனால் அத்தோ, பேஜோ என்று பர்மாப் பண்டங்களைத் தின்றுவிட்டு ஒன்று குடிப்பார்கள்தான், அந்த நாளில் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

சில விஷயங்களை மட்டும் சாதாரணமாக விட்டுவிடக்கூடாது. எவ்வளவு தின்றாலும் பிள்ளை இளைத்துக்கொண்டே போனால், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால், ராத்திரியில் அடிக்கடி எழுந்து பாத்ரூம் போனால், உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். சின்ன வயதிலும் அந்த வியாதி வரும். அதேபோல, வயிறு வலிக்கிற அளவுக்கு ஒளித்துத் தின்பது, தின்றதும் வாந்தி எடுப்பது, கட்டிலுக்கடியில் கவர் கவராக ஒளித்து வைப்பது இதெல்லாம் அதட்டித் தீர்க்கிற விஷயமில்லை. டாக்டரிடம் போக வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவு ஏற்பாடும் செய்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு பண்டத்தில் மட்டும் நான் தோற்றுத்தான் போகிறேன். மில்க்மெய்ட். அதற்குப் பங்கு பிரிக்க முடியாது, நோட்டில் எழுதினாலும் பிரயோஜனமில்லை. டின்னில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு அது பாயசத்துக்கு வந்து சேராது. பையன், பெண், வீட்டுக்காரர் மூன்று பேர் மேலேயும் சந்தேகம். ஆயா மேலேயும் லேசாக உண்டு. அதனால் டின்னை முன்கூட்டி வாங்குவதையே விட்டுவிட்டேன். பாயசம் என்றால் சேமியா வெந்த பிறகுதான் கடைக்கு ஆள் போகும், டின் நேராக அடுப்புக்கு வரும். போகிற ஆள் யார் என்பதில்தான் இப்போது போட்டி. ஓட்டை போடுவதும் காலி டின்னை வழிப்பதும் அந்த ஆளுக்குத்தானாம்.